ஏழாம் ஸ்தலமும் பவுடர் டப்பாவும்

சின்னக்கானல்,
ஈஸ்டர் கழிந்து மூன்றாம் வாரம்.

அன்பு மகள் நிமிக்கு,

அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நீ மால்டாவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்த முறை நிறுத்திக்கொண்டேன். போனில் பேசினால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். அதற்குப் பயந்துதான் இந்தக் காகிதம். கீழ் லயத்து ஜிஸ்மி லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன். யானை மறுபடியும் மேட்டு லயத்து வாழையைத் தின்றுவிட்டுப் போயிற்று. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. ஏலம் பூத்திருக்கிறது. இப்படியே எழுதிக்கொண்டு போனால் விஷயத்துக்கு வராமலே தாள் தீர்ந்துவிடும்.

எனக்குக் கிட்னி கெட்டிருக்கிறது. நீ விமானம் ஏறிய வருடமே தெரிந்துவிட்டது. சுகரும் பிரஷரும் சேர்ந்து செய்த வேலை. உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்று பயந்து, சொல்லக் கூடாது என அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் அன்றிலிருந்து உப்பைக் குறைத்து, காயை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, இறைச்சியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆக்கி, ஒரு குறையும் சொல்லாமல் எனக்கென்று தனியாகப் பொங்குகிறாள். மருந்து கேட்டுக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அதாவது, நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தது நான்.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் மலையேறும்போது சிலுவையின் தலைப்பக்கம் என் தோளில்தான் இருக்கும், உனக்குத் தெரியும். இந்த வருடம் ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மத்தியாஸ், முகம் வெளுத்துக் கிடக்கு, இந்தத் தடவை ஜெகன் பிடிக்கட்டுமே என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆளை மாற்றுவது போலப் பட்டது. முடியும் சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். தவக்காலம் தொடங்கியது. வழக்கம் போல மீன், முட்டை, இறைச்சி எல்லாம் நிறுத்தினேன். படி ஏறினால் கால் நடுங்கியது. அப்போதுதான் உன்னிடம் அந்தப் புரதப் பவுடர் கேட்டேன். தெம்புக்கு என்றேன். நீ உடனே ஒன்று கேட்டாய், டாக்டர்கிட்ட கேட்டீங்களாப்பா என்று. கேட்டேன் என்றேன். கேட்கவில்லை. நீ அங்கே வயதானவர்களுக்கு மாத்திரை பிரித்துக் கொடுக்கிறவள். உண்மையைச் சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய். அது தெரிந்துதான் சொல்லவில்லை.

டப்பா வந்தது. அம்மாவிடமும் டாக்டர் சம்மதம் என்றே சொன்னேன். மனதுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். டாக்டர் இறைச்சியைத்தான் குறைக்கச் சொன்னார், இது இறைச்சி இல்லை. சபை இறைச்சியைத்தான் விலக்கச் சொல்கிறது, இது இறைச்சி இல்லை. இரண்டு பக்கமும் பழுதில்லாமல் தப்பித்துவிட்டதாக நினைத்துக் காலையும் மாலையும் கலக்கிக் குடித்தேன். கோயிலில் என் விரத ஒறுத்தலை ஆட்கள் பெருமையாகப் பேசினார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். வாயில் அந்த வெனிலா வாசனை இருந்தது.

பதினான்கு ஸ்தலத்தில் ஆறாம் ஸ்தலம் வரை ஏறிவிட்டேன். ஏழாவது, ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற இடம். அங்கேதான் என் முழங்கால் மடங்கியது. பின்னால் வந்தவர்கள் நான் விழுந்து காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பெண்கள் இன்னும் உருக்கமாகப் பாட ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்னால் சிலுவையைப் பிடித்திருந்த ஜெகன் மட்டும் குனிந்து, அண்ணே போதும்ணே, எந்திரிங்க, கனம் பூரா எங்க மேல வருது என்றான். எனக்குக் கேட்டது. கை கால் எதுவும் என் சொல் கேட்கவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. பிறகு அவன்தான் கத்தினான். சிலுவையைப் பாறையில் சாய்த்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். துக்க நாளில், ஜெபத்தைப் பாதியில் நிறுத்தி, ஒரு ஊரே என் பின்னால் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் மலையாளத் தமிழில் கேட்டார், மத்தியாஸே, மருந்தல்லாதெ வேற வல்லதும் சாப்பிட்டோ என்று. இல்லை டாக்டர், வேறு எதுவும் எடுக்கவில்லை என்றேன், நிமி. அந்த நிலையிலும் இல்லை என்றேன். அம்மா துணி கொண்டு வந்த பையைத் திறந்து டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தை எல்லாம் வாசித்தார். புரதம் போக பொட்டாசியம், பாஸ்பரஸ், பெயர் தெரியாத இரண்டு வேர். நல்ல கிட்னி வெளியே தள்ளிவிடும், உங்களுடையது தள்ளாது, பொட்டாசியம் ரத்தத்தில் நின்று இதயத்தைப் பிடிக்கும் என்றார். கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

பொட்டாசியம் இறங்கிவிட்டது. கிரியாட்டினின் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. போனது போனதுதானாம், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார். அடுத்த மாதம் மறுபடி ரத்தம் பார்த்துத்தான் டயாலிசிஸ் பேச்சைத் தள்ளிப்போடுவதா வேண்டாமா என்று சொல்வாராம். எல்லாச் சத்து மாத்திரையும் விஷம் இல்லை, எனக்கு என்ன வேண்டும் என்று ரத்தம் பார்த்து அவரே எழுதுவார், விட்டமினோ நாட்டு லேகியமோ கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிறது என்பதால் நானாக எடுக்கக் கூடாதாம். அம்மா அந்த டப்பாவைக் கழுவி என் மாத்திரைகளை அதில் போட்டு வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவோடு போகிறோம். இதுக்குள்ள இல்லாதது ஒங்க வாய்க்குள்ள போகக் கூடாது என்றாள். அதன் பிறகு இதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் தேவலை.

குழாயடியில் அன்னாள் அக்கா, ஆண்டவரு விழுந்தாலும் எந்திரிச்சாரு, நம்ம மத்தியாஸு விழுந்ததோட சரி என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். அதை என்னால் தாங்க முடிகிறது. நீ டப்பா வாங்கிய கடையில் நின்று, அப்பாவுக்கு எது நல்லது என்று தேடி எடுத்திருப்பாய். அதை நினைக்கத்தான் முடியவில்லை. உன் மேல் ஒரு பழியும் இல்லை. நீ கேட்க வேண்டியதைக் கேட்டாய்.

இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடாதே. வர வேண்டிய நிலை வந்தால் நானே சொல்வேன். என் சொல்லை எப்படி நம்புவது என்று நீ கேட்கலாம், நியாயம்தான். அதனால் ரிசல்ட்டை அம்மா போனிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு டப்பா வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, நீயும் குடிக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன்னை நெற்றியிலிருந்து பாதம் வரை காக்கட்டும்.

ஒன்று மறக்காதே. கூப்பிடும்போதெல்லாம் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாய், சாப்பிட்டேன் என்பேன். இனி அப்படிக் கேட்காதே. என்ன சாப்பிட்டீங்க என்று கேள். சொல்கிறேன்.

உன் அப்பா,
மத்தியாஸ்