யாருப்பா அது என்று கேட்டாயே

புதுப்பட்டினம்,
வியாழக்கிழமை, மத்தியானம்.

கர்த்தருக்குள் அன்பான மகள் ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் உன் தம்பியும் அவருடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம், சுகம் என்றால் யாரும் படுத்த படுக்கையாக இல்லை என்கிற அளவுக்குச் சுகம். அங்கே மஸ்கட்டில் நீயும் உன் ரூம் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். பக்கத்து வீட்டு வசுமதி அக்கா மகன் ரமேஷ் லீவு முடிந்து நாளைக்கு அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் என் குரல் கேட்டால் நீ வைத்துவிடுகிறாய், காகிதம் என்றால் கடைசிவரை படிக்காமல் விட உனக்கு மனசு வராது, சின்ன வயசில் வடை மடித்துவந்த பேப்பரைக்கூட எண்ணெய் துடைத்துப் படிக்கிறவள் நீ. அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுப் பாயில் வரிசையாகத் தூங்குகிற நேரம் இது. அவர்களுக்கு நடுவில் என்னுடையதும் ஒன்று தூங்குகிறது. அது எழுந்திருப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

போன ஞாயிறு நீ அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு சத்தம் வந்தது, நீ பேச்சை நிறுத்திவிட்டு யாருப்பா அது என்று கேட்டாய். உன் தம்பிதான் என்றார் அப்பா. அதைக் கேட்டும் நீ உடனே போனை வைக்கவில்லை. நான் பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையில் செதிலோடு அப்படியே நின்றுவிட்டேன், பூனை வந்து ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை. அவன் பிறந்து பத்து மாசம் ஆகப்போகிறது, அவனைப் பற்றி நீ கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு அப்பா சொன்ன பதில் போதாது என்று எனக்குத் தோன்றியது. அந்த மனுஷன் ரிசார்ட்டு வேனில் நாள் முழுக்க வெள்ளைக்காரர்களை மாமல்லபுரத்துக்கும் ஏர்போர்ட்டுக்கும் ஏற்றி இறக்கிவிட்டு வருகிறார், வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தைக்கு மேல் அவருக்கும் தெம்பில்லை. அதனால் நான் சொல்கிறேன், யார் என்று.

பெயர் ஜெரோம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. இரண்டாவது படிக்கும்போது தினமும் படுக்கப்போகும் முன் முழங்காலில் நின்று எனக்கு ஒரு தம்பி வேணும், ஜெரோம்னு பேர் வைப்பேன் என்று கண்ணை இறுக்கிக்கொண்டு கேட்டது நீதானே, தலையணைக்குக்கூட அந்தப் பெயரை வைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாயே. கேட்டவள் மறந்துவிட்டாய், கர்த்தர் மறக்கவில்லை, கொஞ்சம் தாமதமாக அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். பிறந்தபோது கையளவுதான் இருந்தான். கழுத்து நிற்கவும் தாமதம், குப்புற விழவும் தாமதம், விழுந்தவனுக்குத் திரும்பி மல்லாரத் தெரியாமல் மீன் மாதிரி துடித்து அழுவான், நான் போய்ப் புரட்டிவிட வேண்டும். ஏழாவது மாசம் ஆகியும் உட்காரவில்லை. நீ ஆறாவது மாசமே பிள்ளையார் மாதிரி சம்மணம் போட்டாய் என்று உன் அத்தை ஜெனிஃபர் வந்து வந்து சொல்லிவிட்டுப் போவாள். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேகம் உண்டு என்று இந்த ஊர்த் தாய்மார்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவள் நான், என் பிள்ளை என்று வந்ததும் அதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. தராசில் போட்டுப் போட்டு எடுத்தேன். ஊருக்கே சத்துமாவு கொடுக்கிற டீச்சர் வீட்டுப் பிள்ளை சத்துமாவை வாயில் வைத்தால் என் முகத்திலேயே துப்புகிறது. அப்பா தட்டில் இருக்கிற குழம்புச் சோறு என்றால் மட்டும் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறான்.

பயம் தாங்காமல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போகும்போது பஸ்ஸில் கண்டக்டர் பையன் "பாட்டிம்மா, பேரனுக்குக் காத்து அடிக்குது பாரு, ஜன்னல சாத்து" என்றான். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர், பிள்ளையோட அம்மா வரலையா என்று கேட்டார். நான்தான் அம்மா என்று சொல்வதற்குக்கூட வாய் வலித்தது ஜெனிட்டா. வரிசையில் என் முன்னாலும் பின்னாலும் உன் வயசுப் பெண்கள், ஒரு கையில் போன், ஒரு கையில் பிள்ளை, நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து நகர்ந்தேன். டாக்டர் சின்னப் பெண்தான், கையைக் காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் குறையில்லை, கொஞ்சம் சோம்பேறி, நீங்கள் தூக்கியே வைத்திருக்காதீர்கள், தரையில் விடுங்கள் என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன், நல்ல சேதிக்குத்தான் அழுதேன், உடம்பில் மிச்சம் இருந்ததெல்லாம் அழுகைதான். அடுத்த வாரமே இவன் மகாராஜா மாதிரி உட்கார்ந்துவிட்டான். இப்போது தவழ்கிறான், அதுவும் ஒரு காலை மடக்கி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. கட்டில் காலைப் பிடித்து நிற்கப் பார்க்கிறான். கீழே இரண்டு பல், அரிசி மாதிரி, அதை வைத்துக்கொண்டு அவன் கடிக்காத பொருள் வீட்டில் இல்லை.

நீ பட்ட சங்கடம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கெல்லாம் பிள்ளை இடைவெளி பற்றிப் பாடம் எடுக்கிறவளுக்கு நாற்பத்தைந்து வயசில் வயிறு தள்ளினால் ஊர் சும்மா இருக்குமா, "டீச்சரு கிளாஸ் எடுத்துட்டு அவங்களே ஃபெயிலாயிட்டாங்க" என்று ரேஷன் கடை வரிசையில் என் காதுபடச் சொன்னார்கள். நின்றுபோகிற வயசு வந்துவிட்டது, அதனால்தான் தலைசுற்றல் என்று நானும் இருந்துவிட்டேன். உதவிக்கு இருக்கிற ஆராயிதான் ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஊருக்கெல்லாம் நீ கண்டுபுடிக்கிற, ஒனுக்கு இன்னா கீதுன்னு ஒனுக்கே தெர்லியா டீச்சரு" என்றாள். அதற்குள் மாசம் எல்லாம் கடந்துவிட்டது. உன்னிடம் சொன்னபோது அசிங்கமா இருக்கும்மா என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. அரக்கோணத்து மாப்பிள்ளை வீடு பின்வாங்கியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறாய், அப்படியும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. என்மேல் கோபப்படு, அப்பாமேல் கோபப்படு. அவன் பாவம் ஜெனிட்டா, யார் வீட்டுக் கல்யாணத்தையும் அவன் கெடுக்கவில்லை, அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பசி, தூக்கம், அப்பாவுடைய செருப்பு.

இப்போது அவனுக்கு முகம் பார்க்கிற பருவம். தெரிந்த முகம் என்றால் கையை நீட்டுவான், தெரியாத முகம் என்றால் உதட்டைப் பிதுக்கி மூச்சு நின்றுபோகிற மாதிரி அழுவான். போன வாரம் சதுரங்கப்பட்டினம் கோட்டைப் பக்கம் காற்றாடத் தூக்கிப்போனோம், அலைக்குப் பயப்படவில்லை, கொஞ்ச வந்த ஒரு அக்காவைப் பார்த்துத்தான் கத்தித் தீர்த்துவிட்டான். அன்றையிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. நீ என்றைக்காவது மனசு மாறி வாசலில் வந்து நிற்பாய், அப்போது இவன் உன்னைப் பார்த்து அழுதால் நான் என்ன செய்வேன். அதனால் தினமும் சாயங்காலம் இடுப்பில் வைத்துக்கொண்டு, நீ நர்ஸிங் முடித்தபோது எடுத்த போட்டோ முன்னால் போய் நிற்கிறேன், அக்கா என்று காட்டுகிறேன். முதலில் கண்ணாடியைத்தான் தட்டினான், இப்போது அக்கா எங்கே என்றால் அந்தச் சுவரைப் பார்க்கிறான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்பாவைத் திட்டாதே. நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிடுகிறார். உன் குரல் வந்தால் இவன் எங்கே இருந்தாலும் அந்த ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்துவிடுவான், வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். போன ஞாயிறு உனக்குக் கேட்டது அழுகைச் சத்தம் இல்லை, அவன் உனக்குப் பதில் சொன்னான்.

அடுத்த மாசம் கடைசி ஞாயிறு அவனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்பது யார் என்று பாஸ்டர் கேட்டார். நான் நிற்கிறேன் அண்ணி என்று ஜெனிஃபர் புதுப் புடவையே எடுத்துவிட்டாள். நான் உன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், ஆனால் காரணத்தைக் கேள். இவன் பத்தாவது பரீட்சை எழுதும்போது எனக்கு அறுபது, அப்பாவுக்கு அறுபத்தைந்து. இப்போதே இவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மத்தியானம் இந்தப் பிள்ளைகளோடு நானும் படுத்துவிட மாட்டேனா என்று இருக்கிறது. நாங்கள் இல்லாத ஒரு நாள் அவனுக்குச் சீக்கிரமே வரும், உனக்கு வருவதைவிட ரொம்பச் சீக்கிரம். அன்றைக்கு அவன் அழாமல் போய் நிற்க ஒரு முகம் வேண்டும். அவனை நீ வளர்க்க வேண்டாம், சம்பாதித்துப் போட வேண்டாம், அவனுக்குத் தெரிந்த முகமாக இருந்தால் போதும். லீவு கிடைக்காவிட்டால் நீ வரும்வரை தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். வேண்டவே வேண்டாம் என்றால் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல், ஜெனிஃபர் புடவை வீணாகாது, நான் எதுவும் கேட்கமாட்டேன்.

இந்த ஞாயிறு நீ போன் செய்யும்போது என்னோடு பேச வேண்டாம், நான் பின்னாலேயே இருந்துகொள்கிறேன். ஜெரோம் என்று ஒரே ஒரு தடவை கூப்பிடு. அது போதும். ரமேஷ் கொண்டுவருகிற பையில் நெத்திலிக் கருவாடு இருக்கிறது, பிளாஸ்டிக்கில் கட்டிவைக்காதே, வெயிலில் ஒருநாள் காட்டிவிட்டு டப்பாவில் போடு. நைட் டியூட்டிக்கு வெறும் வயிற்றில் போகாதே. உன் போக்கிலும் வரவிலும் கர்த்தர் கூட இருந்து காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரெபேக்காள்.

மேலே எழுதி முடித்துவிட்டு ஆராயி கூப்பிட்டாள் என்று எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் எழுந்து, பாயிலிருந்து இங்கேவரை தவழ்ந்து வந்து காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, அப்படியே மடித்து அனுப்புகிறேன். கீழ் ஓரம் நனைந்து கசங்கியிருக்கும், தடவிப் பார்த்தால் இரண்டு பல் பதிந்தது தெரியும். யாருப்பா அது என்று கேட்டாயே, அவன்தான்.