இடக்கையில் கட்டிய காப்பு

என் செல்ல அக்காவுக்கு,

கேதாரகௌரி விரதம் தொடங்கிவிட்டது. போன வருடம் உங்களுக்காகப் பிடித்தேன். இந்த வருடம் யாருக்காக என்று ஐயர் கேட்டபோது, நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கொழும்பில் உங்கள் இடது முன்கையில் ரத்தம் ஓடும் நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்தார்களே, பிஸ்டுலா என்று. சிறுநீரகம் கைவிட்ட பிறகு, ரத்தம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்ப உங்களுக்கு இருந்த ஒரே வழி அது. முதல்முறை தொட்டபோது உள்ளேயிருந்து ஓர் அதிர்வு விரலில் ஏறியது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

"பயப்பிடாதை. மூதூர் லாஞ்சுப் பலகையில கை வைச்ச மாதிரித்தானே கிடக்கு?" என்று சிரித்தீர்கள். பத்து வருடம், எஞ்சின் அதிரும் அந்த லாஞ்சுப் படகில் துறைமுகத்தைக் கடந்து படிப்பிக்கப் போனவர் அல்லவா! அதன்பிறகு கொழும்பிலிருந்து வந்த ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி, "எஞ்சின் ஓடுது."

போன தீபாவளிக்கு மூன்று நாள் வீட்டுக்கு வந்தீர்கள். "எஞ்சின் ஓடுதோ?" என்று கேட்டேன். "ஓம், ஓடுது" என்றீர்கள். நான் தொட்டுப் பார்க்கவில்லை. விரதம் முடித்து, ஐயரிடம் உங்களுக்கும் ஒரு காப்பு நூல் வாங்கிவந்தேன். பெண்களுக்கு இடக்கையில்தானே கட்டுவது. கழன்று விழுந்தால் கூடாது என்று மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கப் போனேன்.

"அந்தக் கையில மணிக்கூடும் கட்டக்கூடாது எண்டவையடி."

"அம்மன்ரை காப்பு, அக்கா. அது என்ன செய்யப்போகுது?"

நீங்கள் கையை நீட்டினீர்கள். நான் இறுக்கி முடிந்தேன்.

மறுநாள் காலை விரலை வைத்துப் பார்த்தீர்கள். மறுபடியும் பார்த்தீர்கள். நான் ஓடிவந்து நூலை வெட்டினேன். அதிர்வு இல்லை. கொழும்பு போய்ச் சேர அன்றைய பொழுது முழுதும் போய்விட்டது. ரத்தம் உறைந்துவிட்டது, இனித் திறக்க ஏலாது என்றார்கள். வலக்கையில் புதிதாகத் தைத்தது தேறுவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன மாதம் கொழும்புக்குப் போய் உங்கள் நர்ஸைக் கண்டு கேட்டேவிட்டேன். "நான் கட்டின நூலாலையோ?"

"அந்த இடம் முன்னமே ஒடுங்கத் தொடங்கிட்டுது. ரெண்டு கிழமையா மெஷினுக்கு ரத்தம் சரியா வரேல்லை. ஊருக்குப் போகவேண்டாமெண்டு சொன்னனாங்கள். தங்கச்சி எனக்காக விரதம் பிடிக்கிறாள், போகாட்டி ஏலாது எண்டிட்டா." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா நூலும் கட்டியிருக்கக்கூடாதுதான்" என்றார். மறைக்காமல் சொன்னதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்கள் புளுகு ஒரு வருடம் ஓடிவிட்டது, டீச்சர்! எஞ்சின் ஓடுது என்று ஏன் எழுதினீர்கள்? வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிறவர், என் நூலுக்கு ஏன் பேசாமல் கையை நீட்டினீர்கள்? கோபம்தான் வருகிறது அக்கா. அது அடங்கியதும் அழுகை வருகிறது.

உங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்த, உங்களைப்போல் இடக்கையில் தைத்துக்கொண்ட, திரியாய் ஊர்ப் பவளத்தையும் அங்கே கண்டேன். அவளும் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாளாம். இந்த விரதம் அவளுக்காக என்று நாளைக்கு ஐயரிடம் சொல்லிவிடுவேன். காப்பை வலக்கையில் கட்டுவேன், தளர்வாக. கழன்று விழுந்தால் விழட்டும். எஞ்சின் ஓடுதோ என்று அவளிடம் கேட்கமாட்டேன். அவள் இடக்கையில் விரலை வைத்து நானே பார்ப்பேன்.

நூல் கட்டிய உங்கள் தங்கச்சி