ஆறு மணிக்கு வரும் முகம்

அம்மன் துணை
திண்டிவனம்
18.7.2025

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை பிரபாவதி கும்பிட்டு எழுதுவது.

நேற்று ஆறு மணி வீடியோ காலுக்கு வரவில்லை என்று கோபமாயிருப்பாய். போன வெள்ளிக்கிழமை போனில் அபிஷேகம் பார்த்துக்கொண்டே விளக்கேற்றினேன். எண்ணெய் ஊற்றவில்லை. திரி கருகிய நாற்றம் வந்தபிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து போன் பார்க்கும் நேரத்தை நோட்டில் குறித்தேன். ஒரு வாரத்துக்கு முப்பத்தொரு மணி! சாமி பாதி, ஊரார் சமையல் பாதி. கண் எரிகிறது, தூக்கமும் இல்லை.

நேற்று ஆடி முதல் தேதி. போனை மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்தடியில் வைத்துவிட்டேன். ஆடி முடியும்வரை அவிழ்க்க மாட்டேன். என் வீட்டுக்காரர் போனையும் தொடமாட்டேன். தொட்டால் விடமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். நீ கடிதம் போடு.

பிரபா

விழுப்புரம்
24.7.2025

பிரபாவுக்கு அக்கா கோவிந்தம்மாளின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்த அன்று எதிர்வீட்டு பானுப்ரியா ஓடிவந்து, "இன்னாக்கா, போஸ்ட்மேன் வந்துட்டுப் போறாரு, கோர்ட் நோட்டீஸா?" என்றாள். "என் தங்கச்சி சாமியாரா பூட்டாடி" என்றேன்.

கண்ணுக்கு நல்லதென்றால் செய். ஆனால் போனோடு என்னையும் சேர்த்து முடிந்துவிட்டாயே. உன் மாமா போனபிறகு, உன் அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கும். இப்போது பசிப்பதில்லை. சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறேன். குறை சொல்லவில்லை. உன் விரதம் நல்லபடியாக முடியட்டும்.

அக்கா

அம்மன் துணை
திண்டிவனம்
4.8.2025

அக்கா,

உன் கடிதம் படித்ததும் பஸ் ஏறினேன் அல்லவா? விக்கிரவாண்டி டோலில் பஸ் நின்றபோது, வெறும் வயிற்றில் மாத்திரை போடும் உன்னை எப்படியெல்லாம் திட்டுவது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். நீ விந்தி விந்தி வந்து கதவைத் திறந்தாய். எல்லாம் மறந்துபோயிற்று.

"இன்னும் பத்து நாள் உட்டிருந்தா விரலையே எடுத்திருக்கணும்மா" என்று உன் காலைப் பார்த்த டாக்டர் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் அரை மணி என்றாலும், மூன்று மாதத்தில் உன்னோடு பேசியது நாற்பது மணி நேரத்துக்கு மேல். தினமும் உன் முகத்தைப் பார்த்தேன், நன்றாயிருக்கிறாய் என்று நிம்மதியாக இருந்தேன். காலில் புண் வைத்துக்கொண்டு ஏன் மறைத்தாய்?

ஒன்று சொல். முடிச்சை இப்போதே அவிழ்த்துவிடவா? அம்மனிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரபா

விழுப்புரம்
11.8.2025

பிரபாவுக்கு,

புண் காய்ந்து வருகிறது. சொன்னால் நீ ஓடிவருவாய், மாப்பிள்ளைக்கு யார் சோறாக்குவது என்றுதான் மறைத்தேன். நீயும் "நல்லா இருக்கியா"ன்னுதான் கேட்பாய். முகம் நல்லாத்தானே இருந்தது!

அவிழ்க்காதே. இன்னும் ஐந்து நாள்தான். பானுப்ரியா தட்டை எடுத்துக்கொண்டு சாயந்திரம் இங்கேயே வந்துவிடுகிறாள். உன் குழம்பைவிட அவள் பேச்சு அதிகமாகக் கொதிக்கிறது. இரண்டு வாய் கூடவே சாப்பிடுகிறேன்.

ஆடி முடிந்ததும் தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் ஆறு மணிக்குக் கூப்பிடு. மாதம் ஒருமுறை நேரில் வா. கூப்பிடும்போது முதலில் காலைக் காட்டுகிறேன். நீ நன்றாகப் பார்த்து "சரி" என்று சொன்னபிறகு முகத்துக்கு வருகிறேன்.

உன் அக்கா