ஆயிரத்தில் பன்னிரண்டு

ஷோட்டோ, மொன்டானா
1997 ஜூன் 21

ஆர்டனுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று தடவை போன் செய்தாய் என்று ஜோலீன் சொன்னாள். மணி அடித்தது எனக்கும் கேட்டது, எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் பாதிக் கோபம் போய்விடுகிறது, போனை வைத்ததும் அது போனதற்காக இன்னொரு கோபம் வருகிறது. ஏதாவது சொல்வதென்றால் எழுது. நம் மகளைத் தூது விடாதே.

விஷயம் இதுதான். கடாச் சீட்டு விழுந்துவிட்டது. சன் ரிவர் மலையில் பெருங்கொம்பு மலையாட்டுக் கடா ஒன்றைச் சுட, குலுக்கலில் என் பெயர் வந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, இந்தத் தடவை போட்டதையே மறந்திருந்தேன். அடுத்த வீட்டு ஓபல் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்பத்தெட்டு வயசுல உனக்கு அடிச்சுது பாரு யோகம், இனிமே மூட்டுவலின்னு ஏங்கிட்ட வந்து முனகாத" என்றாள். இன்னொரு தடவை விழும் என்று காத்திருக்க எனக்கு ஆயுசு கிடையாது. இது ஒன்றுதான்.

கடைத் தோட்டாவோடு மலையேற எனக்கு மனசில்லை. என் ரைஃபிளுக்கு நம் கராஜில் செய்த தோட்டாதான் ஒத்துவரும் என்று உனக்குத் தெரியும். எவ்வளவு வெடிமருந்து, அடியிலிருந்து குண்டு நுனிவரை எவ்வளவு நீளம், எல்லாம் நோட்டில் இருக்கிறது. நீ அளந்து சொன்னாய், நான் எழுதினேன். மேஜையையும் தோட்டா அழுத்தும் கருவியையும் விட்டுப் போனவன், நீளம் அளக்கும் காலிப்பரை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். ஏன் என்று புரியவில்லை. அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன். எது உழைக்கும், எது பொய் சொல்லாது என்று மட்டும் எழுது.

வேலை போனதை நான்கு மாதம் என்னிடம் சொல்லாமல், தினம் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போய் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்த மனுஷனிடம் பொய் சொல்லாத சாமானைப் பற்றி யோசனை கேட்கிறேன். என் நிலைமையைப் பார்.

வெர்னா


க்ளெண்டைவ்
ஜூலை 2

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கடாவுக்காக, மற்ற இரண்டும் உன் எழுத்துக்காக. டிராக்டர் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "அவ சுடுவாளா?" என்று ஒருத்தன் கேட்டான். "என்னைத்தான் இன்னும் சுடல" என்றேன்.

காலிப்பர் விஷயம். பிளாஸ்டிக்கைத் தொடாதே. துருப்பிடிக்காத எஃகில் வாங்கு. எண் காட்டும் பேட்டரி காலிப்பர் படிக்கச் சுலபம், ஆனால் நம் கராஜ் குளிரில் பேட்டரி படுத்துவிடும். முள் சுற்றும் வட்டு உள்ளது நல்லது, முள்ளைச் சுற்றவைக்கும் பல்லில் பிசிறு சிக்காமல் துடைத்து வைத்தால் உன் ஆயுசுக்கு வரும். சாமானைக் கவ்வி அளக்கும் தாடைகளை மூடித் திறந்து பத்துத் தடவை பார், பத்துத் தடவையும் முள் பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும். அளவு தெரிந்த ஒன்றை, புதுக் குண்டு ஒன்றின் குறுக்களவை, அளந்து பார், பெட்டியில் போட்டிருப்பதே வர வேண்டும். கடைசியாக, தாடைகளை மூடி ஜன்னலுக்கு நேரே பிடி. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதே.

என்னுடையதை அனுப்பலாம்தான். தபாலில் அடிபடும். பழசு வேறு.

இங்கே டிரெய்லரில் டப்பா சூப்தான் மூன்று வேளையும். குறை சொல்லவில்லை, செய்தி சொல்கிறேன். புளிப்பு ரொட்டிக்கு உறையூற்ற நீ வளர்க்கும் மாவு உயிரோடு இருக்கிறதா?

எப்போதும் உன்,
ஆர்டன்


ஷோட்டோ
ஆகஸ்ட் 4

ஆர்டனுக்கு,

மாவு உயிரோடு இருக்கிறது. அதற்கு யாரும் பொய் சொல்வதில்லை.

டெல்மரின் துப்பாக்கிக் கடைக்குப் போய், நீ எழுதியபடி ஒவ்வொன்றையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். "வெர்னா, வாங்க வந்தியா, கண் டாக்டருக்குப் படிக்கிறியா?" என்றான். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பேட்டரி போட்டது ஒன்று வாங்கினேன், படிக்கச் சுலபம் என்று நீதானே எழுதினாய். நோட்டில் உள்ள அளவுக்கு இருபது தோட்டா செய்தேன். மருந்து அதே, குண்டு அதே. பாதிரியார் வீட்டுக்குப் பின்னால் நாம் சுட்டுப் பழகும் இடத்தில் சுட்டேன். எப்போதும் மூன்று குண்டும் கட்டைவிரல் நகத்துக்குள் விழுமே, இந்தத் தடவை உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின.

காலிப்பர் மேல்தான் தப்பு என்று நினைத்து, முள் வைத்தது இன்னொன்றும் வாங்கினேன். நல்ல கனம், தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அதை வைத்து மறுபடி இருபது செய்தேன். அதே சிதறல்தான். இரண்டு காலிப்பரும் ஒன்றுக்கொன்று மயிரிழை மாறாமல் ஒரே எண்ணைச் சொல்கின்றன. நோட்டிலும் அதே எண்தான், என் கையெழுத்தில். எல்லாம் சரியாக இருந்து எப்படித் தப்பாகிறது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சீசன் தொடங்க ஆறு வாரம்கூட இல்லை.

இந்த நிலையில் நான் மலையேறினால் கடாவைக் காயப்படுத்திவிட்டு, அது எந்தப் பாறையிடுக்கில் போய்ச் செத்ததோ என்று மிச்ச நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன். அதற்குப் போகாமலே இருக்கலாம்.

வெர்னா


க்ளெண்டைவ்
ஆகஸ்ட் 13

அன்புள்ள வெர்னா,

பதறாதே. மருந்து புது டப்பாவாக இருக்கும், ஒரு டப்பாவுக்கு இன்னொரு டப்பா கொஞ்சம் மாறும். வெயிலும் காரணம். காற்று அடித்ததா? உன் தோள் வேறு போன வருஷம் பிடித்துக்கொண்டதே.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. காலிப்பர் பிடிப்பது ஒரு பழக்கம். அழுத்தினால் ஒரு அளவு, விட்டால் ஒரு அளவு. உன்னுடையது பழக்கமில்லாத கை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கப்போகிறது. பொறுமையாக இன்னொரு இருபது செய்து பார்.

ஒன்று கேட்கட்டுமா? நான் ஒரு சனிக்கிழமை வந்து செய்து கொடுத்துவிட்டுப் போகிறேன். சாப்பிடக்கூட உட்கார மாட்டேன்.

உன்,
ஆர்டன்


ஷோட்டோ
ஆகஸ்ட் 23

ஆர்டனுக்கு,

வர வேண்டாம். முதலில் இதைப் படி.

வியாழக்கிழமை மேஜையின் கீழ் டிராயரைக் கவிழ்த்துத் துடைத்தபோது, மூலையில் ஒரு டப்பாவில் ஐந்து தோட்டா கிடைத்தன. போன வருஷம் நாம் செய்தவை. டப்பாவில் தேதியும் நீளமும் நான் எழுதியிருக்கிறேன். பழக்கமில்லாத என் கையால் அவற்றை அளந்தேன். ஐந்தும் நோட்டில் உள்ளதைவிட நீளம். ஒரு அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் பன்னிரண்டு பங்கு. முள் காலிப்பரில் பன்னிரண்டு, பேட்டரி காலிப்பரில் பன்னிரண்டு. ஓபலைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். அவளுக்கு ஒரு கண்ணில் புரை. அவளுக்கும் பன்னிரண்டு.

அந்த நீளத்துக்கு இருபது செய்தேன். வெள்ளிக்கிழமை சுட்டேன். மூன்று குண்டும் கட்டைவிரல் நகத்துக்குள்.

ஆகவே எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மலையேறலாம். உன் உதவி தேவையில்லை. ஆனாலும் ராத்திரி முழுக்கப் புரண்டேன். நோட்டில் இருபத்தொன்பது வருஷ எண்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை இப்படிப் பன்னிரண்டு குறைந்தவையோ. அளந்தது நீ.

அந்தக் காலிப்பரை வாங்கியது நான். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு, காபிக் கடையில் தட்டு தூக்கிச் சம்பாதித்ததில். பள்ளிக்கூடத்துப் பட்டறை வாத்தியாரிடம் இரண்டு தடவை போய்க் கேட்டு, இருப்பதிலேயே உறுதியானது, துல்லியமானது எது என்று தெரிந்துகொண்டு வாங்கினேன். அதை நீ ஒரு நாள்கூட என் கையில் கொடுத்ததில்லை. எப்போது கை நீட்டினாலும், "உன் கையெழுத்துதான் அழகு, நீ எழுது" என்பாய். இரண்டு மூன்று வருஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் கை முரட்டுக் கை, நுணுக்கமான சாமானுக்கு ஆகாது, அதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாய் என்று. எழுபத்தொன்றில் மருந்துக் கடைக்காரர் மருந்து நிறுத்துக் கொடுக்கும் வேலைக்குக் கூப்பிட்டாரே, நினைவிருக்கிறதா? என் கை அதற்குச் சரிப்படாது என்று நான்தான் மறுத்தேன். நீ பக்கத்தில் நின்றாய்.

ஒரே கேள்வி. உனக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது. வெயில், காற்று, தோள்பட்டை எதுவும் வேண்டாம்.

வெர்னா


க்ளெண்டைவ்
செப்டம்பர் 10

வெர்னா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் வெயில் இருந்தது.

தெரியும்.

நீ காலிப்பர் கொடுத்த இரண்டாவது வாரம். உன் ரைஃபிளுக்கு வால்நட் மரத்தில் கட்டைப்பிடி இழைத்துக்கொண்டிருந்தேன், உன் பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும் என்று. வார்னிஷ் டப்பா மூடி இறுகிப்போயிருந்தது. கைக்குக் கிடைத்ததை வைத்து நெம்பினேன். கைக்குக் கிடைத்தது அதுதான். தாடை வளைந்துவிட்டது. மேஜைப் பிடிப்பானில் இறுக்கி வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். நுனிகள் தொட்டன, முள் பூஜ்யத்துக்கு வந்தது. ஆனால் நடுவில் தாடைகள் ஒட்டவில்லை, இடைவெளி இருந்தது. அளவு தெரிந்த ஒன்றை வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு குறைத்துக் காட்டியது.

நீ அந்தப் பெட்டியைக் கொடுத்தபோது உன் முகம் இருந்த விதத்துக்கு, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு, ஒரே காலிப்பரால் அளந்து அதே காலிப்பரால் செய்தால் தப்பும் ஒரே தப்புதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. தோட்டாக்கள் நன்றாகவே சுட்டன. அதனால் நாளைக்கு என்பது வரவே இல்லை.

ஜன்னலில் பிடித்தால் வெளிச்சம் தெரியும். உன் கண்ணுக்குத் தப்பாது. அதனால்தான் உன் கையில் கொடுக்கவில்லை. அதனால்தான் போகும்போது எடுத்துக்கொண்டும் வந்தேன். உன் கையில் ஒரு குறையும் இல்லை. மருந்துக் கடைக்காரர் கேட்ட அன்று, "இவ கைக்கு என்னங்க குறை" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பிறகு ஏன் கொடுப்பதில்லை என்று நீ கேட்பாயே என்று விழுங்கிவிட்டேன். போன மாதம் எழுதினேனே, பழக்கமில்லாத கை என்று, அதை எழுதியபோதும் எனக்குத் தெரியும். கூடம்தான் கோணல், வெர்னா. ஆட்டத்தில் தப்பில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் ஒரு மயிரிழையை இருபத்தொன்பது வருஷம் மறைத்தேன். எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

ஆர்டன்


ஷோட்டோ
அக்டோபர் 12

ஆர்டனுக்கு,

ஒரு மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருப்பாய். இருக்கலாம். என்ன என்று சொல்லத் தெரியாததால்தான் எழுதவில்லை. வளைத்ததற்கு எனக்குக் கோபமே இல்லை. அன்றே சொல்லியிருந்தால் கால் மணி நேரம் கத்திவிட்டு ரொட்டி சுடப் போயிருப்பேன். என் கையை நினைத்துத்தான் அழுதேன். ஒன்றும் செய்யாத கை. அதை நானே முப்பது வருஷம் திட்டியிருக்கிறேன். உன்னைவிட அதிகமாக நான்தான் திட்டினேன், அதுவும் சேர்ந்து குழப்புகிறது.

செவ்வாய்க்கிழமை கடா கிடைத்தது. ஓபல் குதிரைகளோடு அடிவாரத்தில் இருந்தாள், நான் நடந்தேறினேன். முந்நூறு கஜத்துக்குத் தயாராகிப் போயிருந்தேன். பாறை திரும்பினால் எதிரே எண்பது கஜத்தில் நிற்கிறது. அந்தத் தூரத்துக்கு உன் காலிப்பரும் வேண்டாம், என் காலிப்பரும் வேண்டாம், கடைத் தோட்டாவே போதும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, மூச்சை விட்டு, சுட்டேன். ஒரே குண்டு. விழுந்த இடத்திலேயே முடிந்தது. கை நடுங்கவில்லை, ஆர்டன். நடுங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

கொம்பைப் பதிவுசெய்த அதிகாரி துணி டேப்பால் அளந்தார். "அரை அங்குலம் முன்னபின்ன இருக்கும்மா, கண்டுக்காதீங்க" என்றார். உன்னை நினைத்துக்கொண்டேன்.

பேட்டரி காலிப்பரை ஓபலுக்குக் கொடுத்துவிட்டேன், பின்னல் ஊசி அளக்கிறாள். முள் வைத்தது என்னோடு இருக்கும். புது நோட்டு ஒன்று தொடங்கியிருக்கிறேன். அளப்பதும் நான், எழுதுவதும் நான். பழைய நோட்டைத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். அதில் என் கையெழுத்து இருந்தாலும் அது உன் காலிப்பருக்குத்தான் பொருந்தும், வேறு யாருக்கும் உதவாது.

கடாவின் ஒரு பின்னங்கால் ஃப்ரீசரில் இருக்கிறது. சுற்றிய காகிதத்தில் உன் பெயர் எழுதியிருக்கிறேன். அதைத் தபாலில் அனுப்ப முடியாது. வந்து எடுத்துக்கொள். வரும்போது காலிப்பரையும் கொண்டு வா. சமையலறை ஜன்னலில், பகலில், ஒரு தடவை அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போ.

போ என்று எழுதிவிட்டு இந்த வரியைத்தான் வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரு என்று எழுத வரவில்லை. போ என்பதை அடித்துவிடவும் மனம் வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

வெர்னா