உன் சிபியூவுக்குள் இருந்த டப்பா

டேய்,

உன் சிபியூவின் பக்கத் தகரத்தைக் கழற்றியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, டேப் போட்டு ஒட்டியிருந்தது. திறந்தால் ஒரு பிராசசர். அடியில் இருக்கும் தங்க ஊசிகளுக்கு நடுவே ஈஷிக் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். ஓரத்தில் மூன்று ஊசிகளைக் காணோம். அது என்னுடையது. என் கம்ப்யூட்டருக்குள் ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தது.

உன் முதல் திவசம் முடிந்த மறுவாரம் உன் தங்கை போன் செய்தாள். "அண்ணே, அண்ணன் விளையாடுன கேம நானும் ஆடிப் பாக்கலாம்னு இருக்கேன். சிஸ்டம் ரொம்ப இழுக்குது. வேற பிராசசர் போட்டுத் தர்றீங்களா?" என்றாள். எப்படி இழுக்கும்? நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி வாங்கியதுதானே, எனக்கு ஜம்மென்று ஓடுகிறதே என்று நினைத்தபடியேதான் பாபநாசத்துக்கு வண்டியை எடுத்தேன்.

ஞாபகம் இருக்கிறதா அந்த நாள்? தஞ்சாவூர்க் கடையில் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் முட்டையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். உன்னுடையதை உன் வீட்டில் மாட்டிவிட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாய். பழையதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தோம். டிராக்டரோ மிக்ஸியோ, புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் அம்மா விடமாட்டாள். நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் பிராசசரைத் தட்டில் கவிழ்த்து, ஊசிகளின் மேலேயே சந்தனத்தைக் குழைத்து, குங்குமமும் வைத்துவிட்டாள். கேட்டால், "தங்கமா மின்னுற பக்கந்தானேடா மூஞ்சி?" என்றாள்.

நான் பதறிப்போய்த் துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தேன். ஊசிகள் சாய்ந்தன. கெடுத்தது நான்தான். ஆனால் கத்தியது அம்மாவைப் பார்த்து. "எதக் கண்டாலும் பொட்டு வச்சு நாசம் பண்றதே வேலையா?" என்று நான் கேட்டதும் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் நம் இருவருக்கும் கேட்டது. நீதான் என் தோளைப் பிடித்து இழுத்தாய்.

"அம்மாவ திட்டாதடா. ஒண்ணும் ஆவல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி நிமுத்தித் தர்றேன்."

மறுநாள் காலையில் வந்தாய். என்னைத் தொடவிடாமல் நீயே மாட்டினாய். கேம் பறந்தது. "அம்மா, உங்க பொட்டு ராசிதான்!" என்று அடுப்படியைப் பார்த்து நீ சொன்னதும் அம்மா சிரித்துக்கொண்டே உனக்குக் காபி கொண்டுவந்தாள். அதன்பிறகு அறுப்புக் காலத்தில் வயல் தூசி ஃபேனில் அடைத்தால், அதைத் தட்டக்கூட நீயேதான் வந்தாய். நல்லவன் என்று நினைத்தேனே தவிர, திருட்டுப்பயல் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நிமிர்த்தும்போது ஊசிகள் ஒடிந்திருக்கும். உன்னுடைய புதியதை எனக்கு மாட்டிவிட்டு, பழையதையே திரும்ப உனக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னைத் தோற்கடித்த ஒவ்வொரு முறையும், "ஒரே பிராசசர்தான்டா, உனக்குக் கைதான் ஸ்லோ" என்று கிண்டலடித்தேன். அதுகூடப் பரவாயில்லை. ஆன்லைன் போட்டிக்கு ஆள் சேர்த்தபோது, மற்ற மூன்று பேர் எதிரில், "நீ இருந்தா மொத ரவுண்டுலயே வெளிய வந்துருவோம்டா" என்றேன். உன் முகம் சுருங்கியது. ஒரு நிமிஷம்தான். "சரிடா, நீங்க ஆடுங்க. நான் பாக்குறேன்" என்றாய். என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் ஜெயித்தபோது என்னைவிட உரக்கக் கத்தினாய். கத்தும்போது உனக்குத் தெரியும், ஓடிக்கொண்டிருப்பது உன்னுடையது என்று. அட பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த மூன்று பேருக்காவது சொல்லியிருக்கக் கூடாதா?

"என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் உன் தங்கை. சொன்னேன். அவள் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்ககிட்டயும் சொல்லலண்ணே" என்றாள்.

அன்றைக்கே என் வீட்டிலிருந்து உன்னுடையதைக் கழற்றிக் கொண்டுபோய் உன் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொடுத்தேன். உன் பழையது இப்போது என்னிடம் ஓடுகிறது. புதிதாக வாங்கிக்கொள்ளலாம்தான். மனசு வரவில்லை.

டேய், இதில் எப்படியடா ஆடினாய்? திரும்பினால் படம் நிற்கிறது. எதிரில் ஆள் வருவது தெரிவதற்குள் நான் செத்துக் கிடக்கிறேன். நேற்று உன் தங்கையிடம் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோற்றேன். அவள் ஆடத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது.

இதை வைத்துக்கொண்டு நீ என்னை ஏழெட்டு முறை ஜெயித்திருக்கிறாய்.