வாண்டுக்கு இடம் கிடைத்தது

அன்புள்ள அக்கா,

நம் வாண்டுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வேலைக்குப் போகும் பெற்றோருக்காக அரசாங்கம் புதிதாகத் திறந்தது. கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது.

விண்ணப்பம் கொடுத்த அன்று அதை வாங்கிக்கொண்ட காப்பக அம்மா கேட்டார்: "இத்தனை நாளா குழந்தைய யாரு பாத்துக்கிட்டாங்க?"

"எங்க அக்கா."

"அவங்க வேலைக்குப் போகலையா?"

பஸ் ஓட்டுகிறவள் நான்; தினம் நூறு பேரோடு வாயாடி ஜெயிப்பவள். அங்கே "இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்காக நீ நர்ஸ் வேலையை விட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம், "நான் என்ன உனக்குச் சம்பளமில்லாத ஆயாவா?" என்று கேட்டுவிட்டு நீ பெட்டியைத் தூக்கியபோதுகூட எனக்குக் கோபம்தான் வந்தது.

நேற்றுதான் முதல் நாள். வாசலிலேயே என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அழுதது நான்தான். மாலையில் அழைக்கப் போனால், "பெரியம்மா வரலையா?" என்கிறாள்.

உன் பழைய ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்களாம். விண்ணப்பத்தாள் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பிக் கொடுத்துவிடு அக்கா.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. வாண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், பார்க்க வா.

உன்
தங்கை