அவர் திரைக்கு நான் போட்ட வடிகட்டி

7 ஜூலை 2025, திங்கள்

"டீச்சர், சல்லடையில மேல நிக்கிறது நல்லதா, கீழ விழறது நல்லதா?" நான் வேலையில் இருந்த காலத்தில், ஏழாம் வகுப்பில் கலவைகளைப் பிரித்தல் பாடம் நடத்தும்போது இலக்கியா என்றொரு பெண் எழுந்து கேட்டாள். மாவு சலித்தால் கீழே விழுவது வேண்டும். நிலக்கடலை சலித்தால் மேலே நிற்பது வேண்டும், மண் கீழே போகட்டும். எதைச் சலிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று சொல்லி உட்கார வைத்தேன். பதில் சரிதான். ஆனால் இன்று காலையிலிருந்து அந்தக் கேள்வி மண்டையை விட்டுப் போகவில்லை. நான் இப்போது சலிக்கப் போவது மாவும் இல்லை, கடலையும் இல்லை. என் வீட்டுக்காரர் படிக்கும் கம்ப்யூட்டர் திரை.

ரிக் லாரியோடு ஒடிசா, சத்தீஸ்கர் என்று பாதி நாட்டில் போர்வெல் போட்டவர் அவர், அப்புசாமி. லாரியை விற்றுவிட்டுத் திருச்செங்கோட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, காலையில் காப்பியும் கம்ப்யூட்டரில் செய்தியும்தான் அவருக்கு வேலை. செல்போன் எழுத்து கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. செய்திக்கு இடப்பக்கம் விளம்பரம், வலப்பக்கம் விளம்பரம், நடுவிலும் விளம்பரம். அதில் ஒன்று, சர்க்கரையை வேரோடு போக்கும் இலைப்பொடி. வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். பொடி கூரியரில் வந்துவிட்டது. இன்று அலமாரி துடைக்கும்போதுதான் பார்த்தேன் — சர்க்கரை மாத்திரை அட்டைகள், போன மாதம் வாங்கியவை, பிரிக்காமல் கிடக்கின்றன.

கேட்டேன். "பொடி திங்கறப்ப மாத்திரை சேரக் கூடாதாமா" என்றார், ஏதோ டாக்டர் நேரில் சொன்ன மாதிரி.

இடது காலில் சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு புண் இருக்கிறது. செருப்புக் கடி என்கிறார். செருப்புக் கடி இத்தனை நாள் ஆறாமல் இருக்குமா? விரல் நிறமே மாறி வருகிறது. சர்க்கரைக்காரர் கால் புண் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். இதே தெருவில் பார்த்திருக்கிறேன்.

அக்தர் பானுவுக்குப் போன் போட்டேன். சங்ககிரியில் என்னோடு கணக்கு டீச்சராக இருந்தவள், இப்போது சேலத்தில் இருக்கிறாள். "மனுசனோட சண்டை போட முடியலன்னா விளம்பரத்தோட போடுங்க வசந்தாமணி டீச்சர்" என்றாள். "பிரவுசர்ல விளம்பரத் தடுப்பான் ஒண்ணு இருக்கு, போட்டு விடுங்க. கண்ணுல படாத பொடியை யாரு வாங்குவா?"

9 ஜூலை, புதன்

தடுப்பானை ஏற்றிவிட்டேன். திரையின் மூலையில் சின்னதாக ஒரு கேடயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. உள்ளே போனால் பட்டியல்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள் என்கிறது.

பானுவைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்த வரையில்: கல்யாண மண்டப வாசலில் நிற்கும் வாட்ச்மேன் கையில் ஒரு தாள் இருக்கிறது. தாளில் பெயர் உள்ளவனை உள்ளே விடமாட்டார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வடிகட்டிப் பட்டியல் என்பது அந்தத் தாள். விளம்பரம் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று யாரோ உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் சேர்க்கிறார்கள், அடித்து நீக்குகிறார்கள்.

ஆனால் ஒரு தாள் இல்லையே. விளம்பரத்துக்கு ஒன்று. நாம் எங்கெல்லாம் போகிறோம் என்று பின்னாலேயே வந்து குறிப்பெடுப்பவர்களுக்கு ஒன்று. மோசடித் தளங்களுக்கு ஒன்று. குறுக்கே வந்து நிற்கும் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குத் 'தொல்லைகள்' என்று ஒன்று. அப்புறம் நாடு நாடாக, மொழி மொழியாக. இந்திய மொழிகளுக்கென்று தனியாக ஒன்று. அது மட்டும் போதுமா? பொடி விளம்பரம் தமிழில்தான் வருகிறது, ஆனால் அதை அனுப்புகிறவன் எந்த ஊர்க்காரன்?

எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு ரசம் வைத்தேன்.

10 ஜூலை, வியாழன்

எல்லாக் கட்டங்களையும் தொட்டுவிட்டேன். ஒரு பெயரையும் விடவில்லை. வருகைப் பதிவேடு எடுத்தே பழகிய கைக்கு, எதிரே கட்டம் காலியாக இருந்தால் பொறுக்காது. லிதுவேனியாவுக்குக்கூடத் தொட்டிருக்கிறேன்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நடக்காது. சொல்லாமல் செய்வது சரியா? பொடியைப் பற்றி அந்தக் கோட்டுக்காரர் மட்டும் என்னிடம் சொல்லிவிட்டா செய்தார்?

13 ஜூலை, ஞாயிறு

காலையில் அவர் செய்தி படித்துக்கொண்டே, "ஏம்புள்ள, இன்னைக்குப் பேப்பரு பாதி வெள்ளையாக் கெடக்குது, அச்சு மிசினு கெட்டுப் போச்சா?" என்றார். அவருடைய நகைச்சுவை. நான் அவர் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தேன்.

கோட்டுக்காரர் போய்விட்டார், உண்மைதான். ஆனால் செய்திகளுக்கு நடுவே, 'மாத்திரையை நிறுத்தினேன், மறுபிறவி எடுத்தேன் — ஒரு விவசாயியின் அனுபவம்' என்று ஒன்று இருக்கிறது. படித்துக்கொண்டே போனால் கடைசியில் அதே பொடி. இதை ஏன் எந்தப் பட்டியலும் பிடிக்கவில்லை? பானு சொன்னாள்: "அது செய்தியோட செய்தியா உள்ள உக்காந்திருக்கு டீச்சர். வாட்ச்மேன் முகவரிதான் பாப்பான். பேச்சு பொய்யா மெய்யான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அப்படியென்றால் நான் எதைத்தான் வடிகட்டினேன்?

17 ஜூலை, வியாழன்

ஆடி ஒன்று. தெரு முழுக்கத் தேங்காய் சுடும் வாசனை. வெல்லம், பாசிப்பருப்பு, எள் எல்லாம் அடைத்துச் சுட்டு, சாமிக்கு வைத்து உடைத்தோம். வெல்லம் ஊறிய பத்தையாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். "போதுமுங்க" என்றேன். "பொடி இருக்கறப்ப என்ன பயம்? அதுல போட்டிருந்துச்சு, இனிப்புத் திங்கலாம்னு." இன்னொரு பத்தை. நொண்டிக்கொண்டேதான் அடுப்புப் பக்கத்திலிருந்து எழுந்து போனார்.

விளம்பரத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் தலைக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

19 ஜூலை, சனி

லேபில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டார். சண்டை போட்டு அழைத்துப்போகவில்லை. "பொடி வேலை செய்யுதுன்னா தாள்ல தெரியட்டுமுங்க, நானே வாயை மூடிக்கிறேன்" என்றேன். அதற்காகவே வந்தார். முடிவைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு எண் எழுதித் தந்தார்கள்.

21 ஜூலை, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எழுதினாலாவது எனக்குப் புரிகிறதா பார்க்கலாம்.

எண்ணை அவரே ஒற்றை விரலால் அடித்தார். பக்கம் திறந்தது. வெள்ளை. ஒன்றுமே இல்லை. மறுபடி அடித்தார். மறுபடி வெள்ளை. நாற்காலியில் சாய்ந்து, "பாத்தியா டீச்சரம்மா, எழுதறதுக்கே ஒண்ணுமில்லியாம். சக்கரை சுத்தமாப் போயிருச்சு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே பொடி டப்பாவை எட்டி எடுத்தார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அது என் வேலைதான். அறைக்குப் போய் பானுவுக்குப் போன் செய்தேன். "எல்லாத்தையும் தொட்டீங்களா?" என்று அலுத்துக்கொண்டாள். "பரீட்சை ஹால்ல ஒருத்தர் விடாம வெளிய அனுப்பிட்டா காப்பி அடிக்க ஆள் இருக்காதுதான். எழுதவும் ஆள் இருக்காதே டீச்சர். ரிப்போர்ட் காட்டறதுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்து போன் நம்பர் கேக்கும். உங்க தொல்லைப் பட்டியல் அதையும் தொல்லைன்னு தூக்கியிருக்கும். அந்தக் கட்டத்தை எடுத்துட்டுப் பாருங்க."

திரும்பி வந்து, "கொஞ்சம் தள்ளுங்க" என்று மவுஸை வாங்கினேன். கேடயத்தை அழுத்தினேன். அவர் கண் அதன் மேலேயே இருந்தது.

"அதென்ன அது?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு என்னத்துக்குச் செவப்பா நம்பரு?"

எத்தனை விளம்பரத்தைத் தடுத்தது என்ற எண் அது. பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். தொல்லைப் பட்டியலின் கட்டத்தை எடுத்ததும் பெட்டி வந்தது, முடிவும் வந்தது. சர்க்கரை முந்நூற்றைத் தாண்டி நின்றது. நான் அதைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நான் என்ன பாக்கோணும், பாக்கக் கூடாதுன்னு நீ முடிவு பண்ணுவியா? என்னையும் ஏழாவது கிளாசுல உக்கார வெச்சிட்டியா?"

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். எழுந்து போய்விட்டார். ரிப்போர்ட் சொன்னதை நான் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். நான் மறைத்தவள் ஆகிவிட்டேன், பொடிக்காரன் மறைக்கப்பட்டவன் ஆகிவிட்டான். இப்படி ஆகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நல்லதுதானே செய்தேன். நல்லதுதானா?

22 ஜூலை, செவ்வாய்

தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். புண்ணில் இன்று நீர் வடிகிறது.

24 ஜூலை, வியாழன்

மதியம் கூப்பிட்டார். "வா, உக்காரு." கேடயத்தை அவரே அழுத்தி அணைத்து வைத்திருந்தார். திரையில் பழையபடி கோட்டுக்காரர். "நீ மறைச்சதை ஒருக்காவாச்சும் முழுசாப் படிச்சியா? படி. சத்தமாப் படி."

படித்தேன். நான் அதை முழுதாகப் படித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் வரியே கேள்வி. 'உள்ளங்கால் எரிகிறதா? செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லையா?'

"போதும், நிறுத்து. இத ஆரு என்னைக் கேட்டா? நீ கேட்டியா? மாத்திரை போட்டாச்சா, போடலியா. தெனமும் அட்டெண்டன்சு. அவன் கேட்டான். அதான் வாங்குனன்."

"எப்பயிருந்துங்க எரியுது?" என்றேன்.

"எரிச்சல் போன வருசத்துலருந்தே. இப்ப எரியறதுமில்ல, அதான் பயமா இருக்குது." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனி பொறந்த புதுசுல பஸ் ஸ்டாண்டுக்குப் போனன்ல. பாதி வழியில எடது கால் செருப்பு கழண்டு உழுந்திருக்குது. எனக்குத் தெரியல. கொதிக்கற தார் ரோட்டுல ஒத்தைச் செருப்போட போயி நின்னுருக்கறன். ஒரு பூக்காரம்மா சொல்லித்தான் குனிஞ்சு பாத்தன். அத எப்படி ஊட்டுல வந்து சொல்றது? சிரிப்பியேன்னு செருப்புக் கடின்னு சொல்லிப்போட்டன்."

சிரித்திருப்பேனா? ஒருவேளை சிரித்திருப்பேன். அதுதான் எனக்குத் தெரியவில்லை.

காலை என் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தேன். எங்கே எரிந்தது, எது வரைக்கும் மரத்திருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே காட்டினார். "அவன் கேட்டதோட சரி" என்றார் மெல்ல. "அஞ்சாறு தடவை போன் பண்ணிப்போட்டன். இன்னொரு டப்பா வாங்குங்கங்கிறானே ஒழிய, காலைக் காட்டுன்னு சொல்லல." காலைக் கீழே இறக்கிக்கொண்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு?" என்றார்.

25 ஜூலை, வெள்ளி

ஈரோட்டு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ஒரு நைலான் இழையைக் கையில் எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்கங்க ஐயா, தொடும்போது சொல்லுங்க" என்றார். பாதத்தில் தொட்டார். தள்ளித் தள்ளித் தொட்டுக்கொண்டே வந்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். மாத்திரை, கொஞ்ச நாளைக்கு ஊசி. விரல் தங்குமா என்பது இரண்டு வாரம் போனால்தான் தெரியுமாம். பொடியையும் இவர் எடுத்துக் காட்டினார். "இதைக் கீழ வைங்க, மாத்திரையை மேல வைங்க" என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தை இவர் எனக்கு விட்டுக்கொடுத்தார்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை வந்து மூடிக்கொண்டு வருகிறது. விரலை எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டரம்மா.

வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இரண்டாகப் போட்டார். "அந்தப் பட்டியலத் தெற. ஒண்ணொண்ணாப் படி, நான் சொல்றன்." லிதுவேனியா போயிற்று. தொல்லைகள் அன்றைக்கே போயிருந்தன, போனபடியே இருக்கட்டும் என்றார். மோசடித் தளங்களுக்கானது இருக்கட்டும் என்றார். பின்னால் வந்து குறிப்பெடுப்பவர்களுடையதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டு அதுவும் இருக்கட்டும் என்றார். விளம்பரத்துக்கானதையும் வைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய செய்தித் தளத்துக்கு மட்டும் தடுப்பானை அணைத்து வைக்கச் சொன்னார்.

"அங்கதானுங்க பொடி வரும்."

"வரட்டும். அந்தச் செய்திக்காரனும் விளம்பரத்துலதான் சோறு திங்கறான். பொடிக்காரனை நான் பாத்துக்கறன்."

இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. பொடி டப்பாவை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை, திறப்பதும் இல்லை. டாக்டரம்மா சொன்னபடி கீழே இறக்கவும் இல்லை, மேல் தட்டில்தான் இருக்கிறது. நாளைக்கே கோட்டுக்காரர் வேறொரு கேள்வி கேட்டால்? எனக்குப் பட்டியலும் பிடிபடவில்லை, மனுஷரும் முழுதாகப் பிடிபடவில்லை. கட்டம் காலியாக இருந்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

நாளைக் காலையில் இதை மட்டும் செய்து பார், வசந்தாமணி: மாத்திரை டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் அவர் எதிரே உட்கார்ந்து, கால் எப்படி இருக்கிறது என்று கேள்.